அம்மா இல்லாத வீட்டுப் படம்: இதுல பொறுப்பு எங்க இருக்கு?

தண்டையார்பேட்டை_தாஸ்:
ஞாயித்துக்கிழமை பசங்களோட ‘டோன்ட் டெல் மாம் த பேபிசிட்டர்ஸ் டெட்’ பாத்தேன். 1991 படம். அம்மா ஆஸ்திரேலியா போயிடறா. அஞ்சு பசங்களப் பாத்துக்க வந்த கிழவி பொட்டுனு செத்துடுது. செலவுக் காசும் கிழவியோடயே போயிடுது. 17 வயசு மூத்த பொண்ணு என்னா பண்றா? புக்கப் பாத்து காப்பியடிச்ச ரெஸ்யூமேவ நீட்டி பெரிய கம்பெனில சேர்றா. அப்புறம் ஆபீஸ் சில்லறைச் செலவுக்கு வெச்சிருக்குற காசுல, அதான் பெட்டி கேஷ்ல, கை வைக்கிறா. பொறுப்பு கத்துக்குற படம்னு சொன்னாங்களே, எங்க ஏரியால இதுக்குப் பேரு ஃபோர்ஜரி!

கொருக்குப்பேட்டை_அக்கா:
அண்ணே, அந்தப் பொண்ண விடுங்க, தம்பிக்காரன் கென்னியப் பாருங்க. பாத்திரம் கழுவுடான்னா கூரை மேல ஏறி, தட்டப் பறக்கவுட்டு துப்பாக்கியால சுடறான். குட்டித் தம்பி ஆன்டெனா திருப்பப் போய் விழுந்து கால உடைச்சுக்கினதும்தான் அவனுக்கு உறைக்குது. அப்புறம் அவனே சமைக்கிறான். அக்கா லேட்டா வந்தா ‘சாப்பாடு ஆறிப்போச்சு’ன்னு மூஞ்சத் தூக்குறான் பாருங்க, நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்.

எங்கம்மா பதினோரு நாள் ஆஸ்பத்திரில இருந்தப்போ எந்தம்பியும் இதே கேஸ்தான். எச்சித் தட்டையெல்லாம் மொட்டைமாடி டேங்குக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சான். காக்கா கத்தித்தான் மாட்டுனான். நான் ஒண்ணும் சொல்லல, மறுநாள் சோத்த நேரா சட்டியோட வெச்சேன். நாலாம் நாள் மெட்ரோ வாட்டர் லாரி வந்தப்போ ரெண்டு குடத்தத் தூக்கிக்கினு அவனே முன்னாடி ஓடுனான்.

தண்டையார்பேட்டை_தாஸ்:
உங்க தம்பி கத தங்கம்மா. ஆனா நீங்க யார் கல்லாலயும் கை வைக்கலியே? அந்த ஆபீஸ்ல கரோலின்னு ஒரு ரிசப்ஷனிஸ்ட். அந்த வேல அவளுக்கு வரவேண்டியது. நேத்து வந்த பொண்ணு தட்டிக்கினு போனா வயிறு எரியாதா? படம் அவளையே வில்லி ஆக்கிடுச்சு. நான் பதினாலு வருசமா ஒரே சீட்ல உக்காந்திருக்கேன், அந்த எரிச்சல் எனக்குத் தெரியும்.

வியாசர்பாடி_பாய்:
ரெண்டு பேரும் ஒண்ண மறந்துட்டீங்க. அந்த வீட்டுல லீவு முழுக்க பெரியவங்க இல்லன்னு பக்கத்து வீட்டுக்கே தெரியாதாம். நம்ம சந்துல நடக்குமா? காலைல குழாயடிக்கு அம்மா வரலன்னா மத்தியானம் கறிக்குழம்பு கிண்ணத்தோட வந்து நின்னுடுவாங்க, கூடவே விசாரணையும். அங்கியே படம் முடிஞ்சுது. 2024-ல திரும்ப எடுத்தாங்க, அதுலயும் அதே கததான்.

கொருக்குப்பேட்டை_அக்கா:
பாய், கிண்ணம் ரெண்டு நாள்தான் வரும். மூணாம் நாள்லேர்ந்து விசாரணை மட்டுந்தான் வரும் 😄

தாஸ் அண்ணே, கரோலின் விசயத்துல நீங்க சொல்றது நியாயம். ஆனா பெட்டி கேஷ்? சம்பளம் வந்ததும் வெச்சிடலாம்னுதான் மளிகைக்கு எடுத்தா. அதுலேர்ந்து தம்பி தங்கச்சிங்க சுருட்டுனதுக்கு அவள ஏன் திட்டுறீங்க? கடைசில எல்லார் முன்னாடியும் உண்மைய அவதான் ஒத்துக்கறா.

தண்டையார்பேட்டை_தாஸ்:
‘சம்பளம் வந்ததும் வெச்சிடறேன்’. எங்க ஆபீஸ்ல இதச் சொல்லாதவன் கிடையாது, தாயி. நான் ஒத்துக்க மாட்டேன்.

அது சரி, மாடில இருந்த தட்டுல்லாம் கிடைச்சுதா?

கொருக்குப்பேட்டை_அக்கா:
ஏழுல அஞ்சு. மீதி ரெண்டு பக்கத்து வீட்டு மாடில கிடக்குது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.