மைனருக்கு ஒல்லி ஸ்பேர்: 1.6 மில்லிமீட்டர் பஞ்சாயத்து

மைனர்தாசன்: போன வாரம் நம் பழைய கார்க்காரர்கள் சந்திப்பில் ஒரு மேதை சொன்னாராம், ஸ்க்ராப் யார்டில் கிடைக்கும் புதுக் கார் ஒல்லி ஸ்பேரை, அதாவது அவசரத்துக்கு மாட்டும் மெல்லிய உபரிச் சக்கரத்தை, மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரில் மாட்டலாம், "நாலு நட்டுதானே" என்று. கேட்டதும் குடித்த டீ இறங்கவில்லை. மைனருக்கு போல்ட் வட்டம், அதாவது நாலு போல்ட்டும் உட்காரும் வட்டத்தின் குறுக்களவு, 4 அங்குலம், அதாவது 101.6 மி.மீ. அந்த ஸ்பேருக்கு 100. முறுக்கினால் நட்டு ஏறத்தான் செய்யும், ஆனால் ஒரு பக்கமாக உட்காரும். ஸ்டட் வளையும், ஓட ஓட நட்டு தளரும். அப்புறம் ஏஒய்இ எக்ஸ்பிரஸ்வேயில் உங்கள் சக்கரமே உங்களை முந்திப் போகும்.

ஜூரோங் வேலு: அந்த மேதை நான்தான். பெயர் சொல்லியே திட்டலாமே அண்ணே. 1.6 மில்லிமீட்டர்! ஒரு வெள்ளிக் காசின் கனம்கூட இல்லை. அதை மாட்டி மலாக்கா போய்விட்டு வந்தவன் நான்.

மைனர்தாசன்: மலாக்கா போனது உன் அதிர்ஷ்டம். 1.6 மி.மீ. விலகினாலும் விலகல்தான்.

பீட்டில் பாலா: கிளாசிக் உரிமத்தில் வருடத்துக்கு 45 நாள் மட்டும் ஓடும் வண்டிக்கு ஸ்பேரே எதற்கு? பஞ்சரை அடைக்கும் சீலன்ட் திரவம் ஒரு டப்பா போதாதா?

மைனர்தாசன்: உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். நம் வண்டிகளில் பாதிக்கு மேல் டியூப் டயர். சீலன்ட் டப்பா பெரும்பாலும் டியூப்லெஸ்ஸுக்குச் செய்தது. ஆணி உள்ளேயே இருந்தால் டியூபைக் கிழித்துக்கொண்டே போகும். ஓட்டையில் செருகும் பஞ்சர் குச்சியும் வீண், அது டயரை அடைக்கும், டியூபை அல்ல. மீதி 320 நாள் நிற்கிறதே, நின்றே டயர் கிழடாகிறது. ஸ்பேர் டயரின் பக்கச் சுவரில் அது செய்த தேதி நாலு இலக்கத்தில் இருக்கும், 2309 என்றால் 2009இன் 23ஆம் வாரம். போய்ப் பாருங்கள். வோக்ஸ்வாகன் பீட்டிலில் முன் கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சுவதே ஸ்பேர் டயர்க் காற்றுதான், அதையும் தூக்கிப் போட்டுவிட்டீர்களா?

பீட்டில் பாலா: என் பீட்டிலில் பம்ப் இருக்கிறது. தெரியாமல் பேச வேண்டாம்.

மைனர்தாசன்: பம்ப் வைத்த பீட்டிலைக் கிளாசிக் என்று வேறு சொல்லிக்கொள்கிறீர்கள்.

ஈசூன் குமார்: ஒரு நிமிடம். எக்ஸ்பிரஸ்வேயில் நின்று யாருமே டயர் மாற்றாதீர்கள். இமாஸ் (எக்ஸ்பிரஸ்வே மீட்புச் சேவை) வண்டி பக்கத்து கார்பார்க் வரை இலவசமாக இழுத்துப் போகும். அங்கே சமதளத்தில், கட்டை வைத்து, நட்டைத் தளர்த்திவிட்டு ஜாக் போடுங்கள்.

மைனர்தாசன்: ஜாக் என்றதும் ஞாபகம் வருகிறது, வேலு. தீபாவளிக்கு முன் வாங்கிப் போனாயே, எங்கே?

ஜூரோங் வேலு: அந்த ஜாக்கா? அது பாதி ஏறி நின்றுவிடுகிறது. 1.6 மி.மீ. கணக்குப் பார்ப்பவர் முதலில் அதற்கு எண்ணெய் விட்டிருக்கலாம். மலாக்காவுக்கு அதையும்தான் எடுத்துப் போனேன்.

மைனர்தாசன்: மலாக்கா, மலாக்கா! அந்த ஸ்பேரின் மஞ்சள் ஸ்டிக்கரில் மணிக்கு 80 கி.மீ.தான் என்று போட்டிருக்கிறதே, வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுக்க 80லா போனாய்?

ஜூரோங் வேலு: மைனர் 80க்கு மேல் போகும் என்று யார் சொன்னது?

மைனர்தாசன்: என்னுடையது போகும். 101.6இல் மாட்டிய சக்கரம்.

ஜூரோங் வேலு: சனிக்கிழமை செம்பவாங் சந்திப்புக்கு வருகிறேன், அதே ஸ்பேரோடு.

மைனர்தாசன்: ஜாக்கோடு வா.