பழைய இசை கீபோர்டை ஐபேடுடன் கம்பியில்லாமல் இணைக்க முடியுமா?

கேள்வி: மகளின் கீபோர்டில் புளூடூத் இல்லை; பின்புறம் வட்டமான ஐந்து முனை மிடி (இசைக்கருவிகள் வாசிப்புச் செய்திகளைப் பரிமாறும் முறை) துளைகள் இருக்கின்றன. ஆப்பிளின் இசைச் செயலியான கராஜ்பேண்டில் வாசிக்க வழி உண்டா?

பதில்: தாராளமாக. யமஹா எம்டி-பிடி01 போன்ற புளூடூத் மிடி அடாப்டரை மிடி இன், அவுட் துளைகளில் செருகுங்கள். மின்சாரத்தை மிடி அவுட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஐபேடின் புளூடூத் பட்டியலில் தேடாதீர்கள், பலரும் அங்கேதான் சலித்துப்போகிறார்கள். கராஜ்பேண்ட் அமைப்புகளில் 'மேம்பட்டவை' பகுதிக்குள் புளூடூத் மிடி சாதனங்கள் இருக்கும்.

கேள்வி கேட்டவர்: இணைந்துவிட்டது, நன்றி! புளூடூத் ஹெட்போனில் ஒலி பிந்தி வருகிறதே?

பதில்: மிடியில் ஒலி போவதில்லை, எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்ற செய்தி மட்டுமே. தாமதம் ஹெட்போனில்தான். தாளம் பழகும் பிள்ளைக்குத் தயவுசெய்து கம்பி ஹெட்போனே கொடுங்கள்.

இன்னொருவர்: சஸ்டெயின் பெடலின் (ஒலியை நீட்டிக்கும் கால் மிதி) செய்தியும் மிடி வழியே போகும்.