எல்எம்3886 ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர்: 24-0-24, 5 ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர் சரிவருமா?

கேள்வி:
எல்எம்3886 ஐசி இரண்டு வைத்து ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறேன். ஸ்பீக்கர்கள் 8 ஓம், சேனலுக்கு 40 வாட் போதும். டிரான்ஸ்ஃபார்மர் 24-0-24, அதாவது நடு முனையிலிருந்து இருபுறமும் 24 வோல்ட் ஏசி. அந்த 24-ஐ 1.414-ஆல் பெருக்கி டயோடுக்கு 1 வோல்ட் கழித்தால் 33 வோல்ட் டிசி. அதனால் 10,000 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் கப்பாசிட்டர் போடலாமா? பிறகு 4 ஓம் ஸ்பீக்கருக்கு மாறினால் இதே டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா?

பதில் 1:
35 வோல்ட் கப்பாசிட்டர் வேண்டவே வேண்டாம். 24 என்பது முழு லோடில் வரும் அளவு. லோடு இல்லாதபோது 25.5 இருக்கும், மெயின்ஸ் 10 சதவீதம் ஏறினால் 28. அப்போது டிசி 38.5 வோல்ட்டைத் தொடும். 50 வோல்ட் போடுங்கள், 63 கிடைத்தால் இன்னும் நிம்மதி. ஐசிக்குச் சிக்கல் இல்லை, இரு ரெயிலும் (பிளஸ், மைனஸ் டிசி சப்ளை) சேர்ந்து 84 வோல்ட் அதன் எல்லை.

8 ஓமில் 40 வாட்டுக்கு உச்ச வோல்ட்டேஜ் 25.3. ஐசி விழுங்குவது 3, ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) 2. ஆகவே லோடில் 31 வோல்ட் நின்றால் போதும், 24-0-24 கச்சிதம்.

4 ஓமுக்கு இது ஆகாது. கரன்ட் இரட்டிப்பாகும், ஐசி சூடாகி உள்பாதுகாப்பு குறுக்கிடும், பேஸ் அடிக்கும்போதெல்லாம் சத்தம் படபடவென்று வெட்டும். 4 ஓம் நிச்சயம் என்றால் இப்போதே 18-0-18 வாங்குங்கள்: 8 ஓமில் 25 வாட், 4 ஓமில் 50 வாட் வரும்.

பதில் 2:
ஆம்பியர் பற்றி ஒன்று. 5 ஆம்ப் என்பது ஏசி. பிரிட்ஜும் (ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடு) கப்பாசிட்டரும் வந்தபின் தொடர்ந்து எடுக்கக்கூடிய டிசி அதில் 0.62 பங்குதான், அதாவது 3.1 ஆம்ப். உங்களுக்கு இரு சேனலும் முழு வாட்டில் ஓடினாலும் ரெயிலுக்கு 2 ஆம்ப் போதும். எனவே 4 ஆம்பே தாராளம்.

ஆனால் லேபிளை நம்பாதீர்கள். 48 × 5 = 240 விஏ (வோல்ட் × ஆம்பியர்); சாதாரண இரும்புத் தகடு கோர் என்றால் 3 கிலோவாவது கனக்க வேண்டும். மெயின்ஸ் சரியாக இருக்கும்போதே லோடில்லாமல் 28, 29 காட்டினால் கம்பி மெலிசு, லோடு ஏற்றியதும் வோல்ட்டேஜ் சரியும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கிடைத்திருப்பது டொராய்டு (வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர்). நடு டேப் இல்லை, தனித்தனியாக இரண்டு 24 வோல்ட் வைண்டிங். எப்படிச் சேர்ப்பது?

பதில் 3:
ஒன்றின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு இணையுங்கள், அதுதான் சென்டர். வெளி முனைகளில் 48 வோல்ட் வர வேண்டும். பூஜ்யம் வந்தால் ஒரு வைண்டிங்கின் முனைகளை மாற்றுங்கள். சென்டர் வயரை நேராகக் கப்பாசிட்டர்களின் நடுப்புள்ளிக்கே கொண்டுபோங்கள். ஸ்பீக்கர் கிரவுண்டும் அங்கிருந்தே.

டொராய்டின் நடு போல்ட் அடியில் சேசிஸை (உலோகப் பெட்டியை) தொடுகிறது. மேல்முனை மூடியைத் தொடவே கூடாது. தொட்டால் அதுவே ஷார்ட் ஆன ஒரு சுற்று, டிரான்ஸ்ஃபார்மர் எரியும். பிரைமரியில் (மெயின்ஸ் பக்கம்) 2 ஆம்ப் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ், அதாவது கணநேர மிகைக் கரன்ட்டைத் தாங்குவது. சாதாரண ஃபியூஸ் ஆன் செய்தவுடனேயே போகும். முதல் முறை 60 வாட் குண்டு பல்பை சீரியஸில் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒருகணம் எரிந்து மங்கினால் சரி, எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்து பிரிட்ஜ் இணைப்பைப் பாருங்கள்.

ஹம் (ம்ம் என்ற இரைச்சல்) வந்தால் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி டொராய்டைச் சுழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு கோணத்தில் அடங்கிவிடும்.