மூணு குரல், மூணு பார்ட்: எந்தப் பாட்டுல ஆரம்பிக்கலாம்?

பாளை_டெனர்:

பாளையங்கோட்டையில காலேஜ் விழாவுக்கு ஒரு இங்கிலீஷ் பாட்டு தயார் பண்ணுதோம். மூணு பேர். ஒரு பொண்ணு ஆல்டோ (பெண்கள்ல தாழ்ந்த குரல்), நான் டெனர் (ஆண்கள்ல உயர்ந்த குரல்), இன்னொருத்தன் பாரிட்டோன் (அதைவிடத் தாழ்ந்த ஆண் குரல்). கூட ஒரு அக்கூஸ்டிக் கிட்டார், ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். மூணு பேருமே சர்ச் பாடகர் குழுவுல பாமாலையை (சர்ச் பாட்டுப் புத்தகம்) நாலு பார்ட்டா, அதாவது ஆளுக்கொரு சுர வரிசையா, பாடிப் பழகினவங்க, சோல்ஃபா (டோ, ரே, மீ சுரக் குறிப்பு) வாசிப்போம். ஆனா ராக், பாப் ஹார்மனி மட்டும் பிடிபட மாட்டேங்கு.

நடு பார்ட் பாடுற ஆள் ரெண்டாவது வரியிலயே மெலடிக்குத் தாவிருதாங்க. கீபோர்டை நிறுத்திட்டுப் பாடினா ஒரு சரணம் முடியறதுக்குள்ள அரை சுரம் இறங்கிருது. எல்லாம் சரியா நின்னாலும் மூணு தனித்தனி குரலாத்தான் கேக்குது, ஒட்ட மாட்டேங்கு.

உங்களுக்குப் பிடிச்ச ஹார்மனி பாட்டுகளைச் சொல்லுங்க அண்ணாச்சி. அதுல எது மூணு பேருக்கு ஆகும், எப்படிப் பழகணும்?

தாமிரபரணி_கீஸ்:

தம்பி, எனக்கு எல்லாத்துக்கும் மேல பீட்டில்ஸோட ‘பிகாஸ்’ தான். 1969, ‘அபே ரோடு’ ஆல்பம். லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன் மூணு பேரும் மூணு பார்ட் பாடி, அதையே இன்னும் ரெண்டு தடவை மேல மேல பதிஞ்சாங்க. அதனால ஒன்பது குரல் கேக்கும். 1996-ல வந்த ‘ஆந்தாலஜி 3’-ல வாத்தியமே இல்லாம குரல் மட்டும் இருக்கு. அதைக் கேளுங்க, பார்ட் பிரிச்சு எழுத அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

ஆனா அதுல ஆரம்பிக்காதீங்க. சி ஷார்ப் மைனர்ல மெதுவா நகர்ற பாட்டு, நீளமான சுரங்கள், மூச்சு பத்தாது. டி மேஜர் கார்டுலேர்ந்து (கார்டுன்னா சேர்ந்து ஒலிக்கிற சுரங்கள்) டி டிமினிஷ்டு கார்டுக்கு மாறுற இடம் ஒண்ணு இருக்கு. டி அப்படியே நிக்க, எஃப் ஷார்ப் எஃப்-க்கும், ஏ ஜி ஷார்ப்புக்கும் அரை சுரம் இறங்கும். அந்த இறக்கத்துல ஒரு குரல் கொஞ்சம் கூடுதலா சரிஞ்சாலும் அதுக்கப்புறம் முழுப் பாட்டும் தாழ்ந்துரும்.

அடுத்தது பீச் பாய்ஸ், ‘காட் ஒன்லி நோஸ்’, 1966. முடிவுல ஒரு குரல் சொன்னதை அடுத்த குரல் பிடிச்சுக்கிட்டுச் சுத்திச் சுத்தி வரும். கேக்க எளிசா இருக்கும். பாடும்போது ஆளுக்கு ஒரு இடத்துல ஆரம்பிக்கணும், எண்ணிக்கை தவறினா சேர வழியில்ல. 1997-ல வந்த ‘பெட் சவுண்ட்ஸ் செஷன்ஸ்’ தொகுப்புல இந்த ஆல்பத்தோட குரல் மட்டும் தனியா இருக்கு.

க்வீனோட ‘பொஹீமியன் ராப்சடி’ (1975) ஆசையைத் தூண்டும், விட்டுருங்க. மெர்க்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர் மூணு பேரும் திரும்பத் திரும்பப் பதிஞ்சு அடுக்கின குரல் அது. ஆபரா பகுதியை அவங்களே மேடையில டேப் போட்டுத்தான் சமாளிச்சாங்க. ஈகிள்ஸோட ‘செவன் பிரிட்ஜஸ் ரோடு’ 1980 லைவ் பதிவு அற்புதம், ஆனா அஞ்சு பார்ட்.

உங்க மூணு பேருக்கு என் தேர்வு, கிராஸ்பி ஸ்டில்ஸ் அண்ட் நாஷ், ‘ஹெல்ப்லெஸ்லி ஹோப்பிங்’, 1969. ஒரே கிட்டார், மூணு குரல். பெரும்பாலும் மூணு பேரும் ஒரே சொல்லை ஒரே நேரத்துல சொல்லுவாங்க, அதனால பாமாலை பாடின வாய்க்கு ஒத்துவரும். உச்சியில நாஷ் பாடுறதை உங்க ஆல்டோவுக்குக் குடுங்க. ஸ்கேல் எட்டலைன்னா கிட்டார்ல கேப்போ (கம்பிகளை மொத்தமா அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டு மாத்திக்கலாம்.

தாவுற விஷயம். பாமாலையில மெலடி உச்சியில சோப்ரானோகிட்ட (உயர்ந்த பெண் குரல்) இருக்கும், மத்ததெல்லாம் அதுக்குக் கீழ. இந்த மாதிரிப் பாட்டுல மெலடிக்கு மேலயும் குரல் நிக்கும், மெலடி எப்பவும் உச்சியிலயே இருக்காது. மெலடி வேற குரல்கிட்ட இருக்கும்போது நடு பார்ட்டுக்குன்னு தனி உருவம் கிடையாது. ஒரே சுரத்துல நாலஞ்சு சொல் நிக்கும், பக்கத்துலயே மெலடி போகும், காது இழுத்துட்டுப் போயிரும். அதனால குரல் நல்லா இருக்கிற ஆளுக்கு இல்ல, சோல்ஃபா நல்லா வாசிக்கிற ஆளுக்கு நடு பார்ட்டைக் குடுங்க.

பழகுற முறையும் முக்கியம். ஒவ்வொரு பார்ட்டையும் கீபோர்டுல தனியா வாசிச்சு போன்ல பதிஞ்சுக்கோங்க. மெலடியைக் கேக்காமலே அவங்கவங்க பார்ட் மனப்பாடம் ஆகணும், தனிப் பாட்டு மாதிரி. அப்புறம் ஜோடி ஜோடியாப் பாடுங்க. முதல்ல மெலடியும் ஒரு குரலும், பிறகு மெலடியும் இன்னொரு குரலும். கடைசியா மெலடியை நிறுத்திட்டு மத்த ரெண்டு பேர் மட்டும். இந்த மூணாவது ஜோடியைத்தான் எல்லாரும் விட்டுருதாங்க. அது நின்னுட்டா மூணு பேரும் சேரும்போது யாரும் தாவ மாட்டாங்க. அதுவரைக்கும் சொல் வேண்டாம், ‘ஊ’ மட்டும் போதும்.

ரதவீதி_சுருதி:

சுரம் இறங்குவது பற்றி எழுதுகிறேன். கீபோர்டை நிறுத்தியதும் இறங்குகிறது என்றால், பழகிய நேரம் முழுவதும் கீபோர்டுதான் சுருதியைத் தாங்கியிருக்கிறது, நீங்கள் ஒருவரையொருவர் கேட்கவில்லை.

கீபோர்டின் காந்தாரம் (க) இயல்பான காந்தாரம் அல்ல. சி-யிலிருந்து ஈ வரை கீபோர்டில் 400 சென்ட் (சென்ட் என்பது அரை சுரத்தில் நூறில் ஒரு பங்கு). இரண்டு குரல் உரசாமல் ஒட்டும் இடம் 386 சென்ட், அதாவது 5க்கு 4 என்ற விகிதம். நடு சி-யையும் அதற்கு மேலுள்ள ஈ-யையும் கீபோர்டு சுரத்திலேயே பிடித்தால், சுரத்தோடு சேர்ந்து மெல்லியதாக எழும் மேல் ஒலிகள் மோதி வினாடிக்கு ஏறக்குறைய 10 தடவை அதிர்வு எழும். குரல் ஒட்டவில்லை என்று நீங்கள் சொல்வதில் ஒரு பங்கு இதுதான்.

தம்புரா ஆப் ஒன்றைப் போட்டு ஷட்ஜமும் பஞ்சமமும் ஓட விடுங்கள். கவனித்துக் கேட்டால் அந்தத் தந்தியின் ஒலிக்குள்ளேயே அந்தர காந்தாரம் (மேஜர் கார்டின் க) கேட்கும். அதன்மேல் குரலை வையுங்கள். ஒருவர் ஸ, ஒருவர் ப, ஒருவர் க, மூச்சு முடியும்வரை அசையாமல். அதிர்வு நிற்கும் இடம் காதுக்குத் தெரிந்துவிடும். மைனர் கார்டில் கதை வேறு. சாதாரண காந்தாரம் (மைனர் கார்டின் க) கீபோர்டைவிட 16 சென்ட் மேலே, அதைத் தம்புரா காட்டிக் கொடுக்காது. பஞ்சமத்தை முதலில் அசையாமல் பிடித்துவைத்துவிட்டு, அதன் பிறகு தேடுங்கள்.

கர்நாடக சங்கீதம் கற்றவர் யாராவது இருந்தால் ஒரு எச்சரிக்கை. கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) கூடாது. காந்தாரம் கொஞ்சம் ஆடினாலும் கார்டு கலைந்துவிடும். வெறும் சுரமாக, கோடு போட்டதுபோல் நிற்க வேண்டும்.

வேறு காரணங்களும் உண்டு. ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும்போது ஒவ்வொரு தடவையும் சற்றுத் தாழும். இறங்கு வரிசையில் அடி பெரிதாகும். வரி முடிவில் மூச்சு தளரும். இதெல்லாம் சரிசெய்தும் இறங்கினால், பாட்டை அரை சுரம் ஏற்றிப் பாருங்கள். டெனரின் குரல் மாறும் இடத்தில் பாட்டு உட்கார்ந்திருந்தால் அது ஒன்றே போதும், இறக்கம் நின்றுவிடும்.

நாசரேத்_ரெண்டுபார்ட்:

கீஸ் அண்ணாச்சி சொன்ன பாட்டு நல்ல பாட்டு, ஆனா அதுக்கு முன்னால எவர்லி பிரதர்ஸ் ஒண்ணு பாடிருங்கன்னு சொல்லுவேன். ‘ஆல் ஐ ஹாவ் டு டூ இஸ் ட்ரீம்’, 1958. ரெண்டே குரல், டான் கீழ, ஃபில் மேல, பெரும்பாலும் மூணாம் சுர இடைவெளியிலயே கைகோத்துப் போகும். ரெண்டு பேர் ஒட்டாத இடத்துல மூணாவது ஆளைச் சேர்த்து என்ன பண்ண?

மேல் குரலை நீங்களே கட்டுறதுன்னா கண்ணை மூடிட்டு மூணாம் சுரம் போட்டுட்டே போகாதீங்க. சங்கராபரணம் (மேஜர் ஸ்கேல்) சுரத்துல சொல்லுதேன். ஸ-க-ப கார்டுல மெலடி ஸ-ல நின்னா மேல க சரி. மெலடி ப-ல நின்னா மேல நி வரும், அது கார்டோட உரசும். அங்க மேல் ஸ பாடணும். ம-த-ஸ கார்டுல மெலடி மேல் ஸ-ல நின்னா க வேண்டாம், ம-க்கு ஏறிருங்க. ப-நி-ரி கார்டுல ரி-க்கு மேல ம வந்தா தப்பில்ல, செவன்த் கார்டா மாறும், அடுத்து ஸ-க்கு இழுக்கும். மெலடி சட்டுனு கடந்து போற சுரத்துல உரசல் இருந்தா விட்டுருங்க, நிக்கிற சுரத்துல மட்டும் பாருங்க.

பாளை_டெனர்:

மூணு பேருக்கும் நன்றி. விழா பெரிய ஹால்ல, எதிரொலி அதிகம். சவுண்ட் சர்வீஸ்காரங்க மூணு மைக் தருவாங்க. ஒரே மைக்ல சேர்ந்து நின்னு பாடினா ஒட்டுமா?

மைக்_ஸ்டாண்ட்:

ஒரே மைக் பதிவு பண்ணும்போது நல்லா இருக்கும். அந்த ஹால்ல மைக்கை அரை மீட்டர் தள்ளி வெச்சா அளவைக் கூட்டணும், கூட்டினா ஸ்பீக்கர் கூவும். ஷ்யூர் எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக் மூணு கேட்டு வாங்குங்க, ஆளுக்கு ஒண்ணு. உதட்டுலேர்ந்து 5 சென்டிமீட்டர், மூணு பேரும் ஒரே தூரம். பாரிட்டோன் மட்டும் 8 வரைக்கும் தள்ளட்டும், கிட்ட வந்தா அடிக்குரல் வீங்கி நடு பார்ட்டை முழுங்கிரும். மூணு சேனல்லயும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டச் சொல்லுங்க. மெலடியைவிட மத்த ரெண்டும் 3 டெசிபல் கம்மி.

மிக்ஸர்ல எக்கோ எப்பவும் திறந்தே கிடக்கும். அதை முழுசா மூடச் சொல்லுங்க, ஹாலே போதும். எக்கோ இருந்தா போன கார்டு வந்த கார்டு மேல விழுந்து கலங்கிரும்.

மானிட்டர் ஸ்பீக்கர் (பாடுறவங்க தங்களைக் கேக்குறதுக்கு வைக்கிறது) ஒண்ணுதான் கிடைக்கும்னா நடு பார்ட் பாடுற ஆள் முன்னால வைங்க. மூணு பேரும் வரிசையா நிக்காம லேசா வளைஞ்சு நில்லுங்க, மத்தவங்க வாய் தெரியணும்.

ஒட்டாததுக்கு இன்னொரு காரணம் உயிரெழுத்து. ஒருத்தர் வாய் அகலமா ‘ஆ’, ஒருத்தர் குறுகலா ‘ஆ’ பாடினா சுரம் சரியா இருந்தும் பிரிஞ்சு கேக்கும். மெலடி பாடுறவங்க வாயை மத்த ரெண்டு பேரும் பின்பத்தணும். சொல் முடிவுல வர்ற ‘ஸ்’, ‘ட்’ எல்லாம் மெலடி ஆள் மட்டும் சொல்லட்டும், மத்தவங்க உயிரோட நிறுத்திருங்க. இல்லன்னா மூணு ‘ஸ்’ தனித்தனியா வரும். மூச்சை மட்டும் ஒரே இடத்துல எடுக்காதீங்க, ஆளுக்கொரு இடம் பென்சில்ல குறிச்சுக்கோங்க.

கீபோர்டு பாட்டு முழுக்க வேண்டாம். முதல் கார்டு மட்டும் குடுத்துட்டு கை எடுத்துரட்டும், கிட்டார் தாங்கும். கிட்டாரை மேடை ஏறுறதுக்கு முன்னால ட்யூனர்ல 440-க்கு (ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ்) வெச்சுட்டு, ஏறினதும் ஒருக்கா சரிபாருங்க. ஃபேன் காத்துலயும் லைட் சூட்டுலயும் கம்பி மாறும்.