கண்ணாடி மணிகளின் நிறம் படத்தில் சரியாக வர என்ன செய்யலாம்?

எல்லாருக்கும் வணக்கம். கொக்குவிலில் வீட்டிலிருந்தே மணிக் காப்புகளும் நூல் பின்னல் காப்புகளும் செய்கிறேன். படம் எடுப்பது போனில்தான். விறாந்தையில் நேர் வெயில் படாத இடத்தில் வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை மட்டையை நிறுத்தி எடுக்கிறேன். நூல் பின்னல் முடிச்சு முடிச்சாகத் தெரிய வடிவாக வருகிறது.

சிக்கல் கண்ணாடி மணியில். 2 மில்லிமீற்றர் மணி ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னி, உள்நிறத்தை மறைத்துவிடுகிறது. குங்குமச் சிவப்பு செம்மஞ்சளாகத் தெரிகிறது. பனையோலைப் பாயில் வைத்தால் போக்கஸ் பாயின் இழைக்குப் போய்விடுகிறது.

வெளிச்சம் வரும் பக்கம் மெல்லிய வெள்ளைத் துணி கட்டினால் மினுக்கம் குறையுமா? பின்னணிக்கு எந்த நிறம் நல்லது? வெளிநாட்டு உறவுகள் படத்தை நம்பித்தான் வாங்குகிறார்கள், நிறம் மாறக்கூடாது. செய்து பார்த்த அக்காமார், தம்பிமார் சொல்லித் தாங்கோ.