காஞ்சிபுரம் ஒரே நாளில்: கோயில் முதலா, பட்டு முதலா?

கேள்வி: சென்னையிலிருந்து போய் ஒரே நாளில் திரும்ப வேண்டும். கோயில்களும் பார்க்கணும், முகூர்த்தத்துக்கு ஒரு கோர்வைப் புடவையும் (உடலையும் கரையையும் தனித்தனி இழையில் நெய்து கோத்த பட்டு) எடுக்கணும். வரிசை சொல்லுங்களேன். அசல் கோர்வையா என்று கடையில் எப்படிப் பார்ப்பது?

பாலாற்றங்கரை: முதலில் கைலாசநாதர். 8ஆம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் எடுத்த மணற்கல் கோயில். காலைச் சாய்வெயிலில்தான் சிற்பம் எடுப்பாகத் தெரியும். பிற்காலச் சுண்ணாம்புப் பூச்சு மூடிய உருவங்களைப் பல்லவர் உளிவேலை என்று எண்ணிவிட வேண்டாம். அடுத்து வைகுந்தப் பெருமாள். திருச்சுற்றில் பல்லவர் வரலாறே செதுக்கியிருக்கும். பகல் 12 மணிவாக்கில் நடை சாத்தினால் 4 மணி வரை திறக்காது. அந்த இடைவேளை பட்டுக்கு. மாலையில் ஏகாம்பரநாதர், வரதராஜர்.

மூணு நாடா: புடவையைத் திருப்பிப் பாருங்க. கோர்வையில் உடலுக்கு ஒரு நாடா (ஊடையை, அதாவது குறுக்கிழையை, தறியில் ஓட்டும் கருவி), இரு கரைக்கும் தனித்தனி நாடா. அதனால் சேருமிடத்தில் ஊடை இழைகள் கோத்துக்கொண்டு நிற்கும், கரை நிறம் கலப்பில்லாமல் இருக்கும். கரையில் உடல் நிறச் சாயல் அடித்தால் ஒரே ஊடைதான் முழுக்க ஓடியிருக்கிறது. அது கோர்வை இல்லை. சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை வரணும். ஆனால் போலியிலும் சாயமேற்றிய நூல் வருது. பில்லில் வெள்ளி, தங்கச் சதவீதம் எழுதி வாங்குங்க.

பாலாற்றங்கரை: ஒன்று விட்டுப்போச்சு. சில்க் மார்க் முத்திரை அசல் பட்டு என்பதற்கு மட்டும்தான் சான்று. சரிகைக்கோ கைத்தறிக்கோ இல்லை.