மறு: அறுவையின்போது இறங்கும் இரத்த அழுத்தத்துக்கு என்ன சொல்?

வணக்கம்.

அறுவை நடக்கும்போது நோயாளியின் இரத்த அழுத்தம் இறங்குவதற்கு (intraoperative hypotension) இந்த இழையில் ஐயா ஒருவர் முன்வைத்த ‘அறுவையிடைத் தாழ்வழுத்தம்’ என்பதில் முதல் பாதி எனக்கு முழுச் சம்மதம். அதற்குப் பதில் ‘அறுவைக்கால’ என்றால் மருத்துவமனையில் சேர்ந்த நாளிலிருந்தே கணக்கு வைத்துப் படிக்க இடமிருக்கிறது. ‘அறுவையிடை’ அப்படி நழுவாது.

சிக்கல் பின்பாதியில்தான். தாழ்வழுத்தம் என்பது ஒரு நிலை. சிலருக்கு எப்போதுமே 95/60 தான் இருக்கும், அவர்கள் நலமாகவே இருப்பார்கள். இன்னொருவருக்கு வழக்கமாக 150/90, மயக்க மருந்து ஏறியதும் 100/60 ஆகிறது என்று வையுங்கள். எண்ணை மட்டும் பார்த்தால் இது தாழ்வே இல்லை, சராசரித் தமனி அழுத்தம் (ஒரு துடிப்பு முழுவதிலும் தமனிகளில் சராசரியாக நிலவும் அழுத்தம்) 73 வரும், பொதுவாகக் கவலைப்படும் 65க்கு மேலேதான் இருக்கிறது. ஆனால் அவருடைய வழக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, பல ஆண்டுகளாக உயர் அழுத்தத்துக்குப் பழகிய சிறுநீரகமும் மூளையும் இதைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. பிரான்சில் நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், 298 நோயாளிகளைச் சேர்த்து, ஒரு பிரிவினருக்கு அவரவர் வழக்கமான அழுத்தத்திலிருந்து 10 விழுக்காட்டுக்குள் நிறுத்திப் பார்த்தார்கள். அவர்களில் உடல் முழுதும் பரவும் அழற்சியோடு ஏதேனும் ஓர் உறுப்பின் செயல்பாடும் கெட்டவர்கள் 38.1 விழுக்காடு, வழக்கமான முறையில் கவனிக்கப்பட்டவர்களில் 51.7. பிறகு வந்த பெரிய ஆய்வில் இப்படித் தெளிவான பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் எதிலிருந்து எவ்வளவு இறங்கியது, எத்தனை நிமிடம் அங்கேயே நின்றது என்ற இரண்டையும் விட்டுவிட்டு இதைப் பேசவே முடியாது.

அதனால் என் முன்மொழிவு: அறுவையிடை அழுத்தச் சரிவு.

‘தாழ்வழுத்தம்’ என்றதும் வானிலை அறிக்கை நினைவுக்கு வருவதும் ஒரு தொல்லை, ஆனால் அது சின்ன விஷயம்.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. காதுக்குள்ளும் மூக்குக்குள்ளும் நுண்ணிய அறுவை செய்யும்போது ரத்தம் கசிந்து பார்வையை மறைக்காமலிருக்க மருத்துவரே அளவோடு அழுத்தத்தை இறக்குவதுண்டு. இரண்டுக்கும் தாழ்வழுத்தம் என்றே எழுதினால் முன்னால் ஓர் அடைமொழி ஒட்டித்தான் பிரிக்க வேண்டியிருக்கும். தன்வினை பிறவினை இருக்கும் மொழியில் அது எதற்கு? தானாக நேர்வது சரிவு, நாம் செய்வது தணிப்பு. ‘அழுத்தத் தணிப்பு’ என்று படித்ததுமே யாரோ வேண்டுமென்றே செய்தது என்று புரிந்துவிடும். ‘தணிவு, தணிப்பு’ என்று ஒரே வேரில் வைக்கலாமே என்று இழையில் அம்மா ஒருவர் கேட்டிருந்தார். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் தணிவு என்றால் காய்ச்சல் தணிந்த மாதிரி நல்ல செய்தியாக ஒலிக்கிறது. சிறுநீரகத்துக்கு ரத்தம் போதாமல் போகும் நேரத்துக்கு அந்தச் சொல் கூடாது.

அப்புறம் ‘இரத்த அழுத்தக் கட்டுப்பாடு’ என்ற சொல். கட்டுப்பாடு என்றதும் எல்லாரும் குறைப்பதையே நினைக்கிறார்கள், பிபி மாத்திரைப் பழக்கம். அறுவை அரங்கிலோ பல நேரம் நீர்மம் ஏற்றி, இரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்து கொடுத்து, மேலே தூக்கிப் பிடிப்பதுதான் வேலை. ‘அழுத்தப் பேணல்’ என்றால் இரண்டு பக்கமும் அடங்கும்.

சொற்றொடரில் வைத்துப் பார்த்தேன்: “அழுத்தச் சரிவு நீடித்தால் அறுவைக்குப் பின் சிறுநீரகப் பாதிப்புக்கான வாய்ப்பு கூடுகிறது; தொடர்ந்த அழுத்தப் பேணல் தேவை.” எனக்கு இடறவில்லை. உங்களுக்கு?

‘சராசரித் தமனி அழுத்தம்’ பற்றியும் யாராவது யோசியுங்கள். அது மேலெண்ணையும் கீழெண்ணையும் கூட்டி இரண்டால் வகுப்பது அல்ல, கீழெண்ணோடு, இரண்டுக்கும் உள்ள இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்ப்பது. சராசரி என்ற சொல்லைப் பார்த்து மாணவர்கள் 100/60க்கு 80 என்று எழுதிவிடுகிறார்கள்.